நாலரைக் கியூப் கருங்கல்

அளவு நாடாவின் நுனியை இராக்கம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனை மதுஷாவின் கையில். நடுவில் இருபத்தாறு அடி ஈர மண்.

"இழுத்துப் புடிம்மா. தொங்குது."

"நான் என்னா ஏர்மாடா? ஒன் நாடாதான் கெழடாப் போச்சு."

"நாடா புதுசு."

"அப்ப நாந்தான் கெழடு. எழுதிக்க."

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு நவம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு. இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் மூன்று நாள் மழை ஓய்ந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. சமையலறைச் சுவருக்கும் மலையை வெட்டிய மண்மேட்டுக்கும் இடையே நாலடிச் சந்து. அதற்குள் தாயும் மகளும் நின்று அளந்தார்கள். மண்மேடு நிமிர்ந்து நின்றது. மழை விட்ட பிறகும் அதன் அடியில் மூன்று இடங்களில் தண்ணீர் கசிந்தது. போன தடவை மதுஷா வந்தபோது ஓரிடத்தில்தான் கசிவு இருந்தது.

நீளம் இருபத்தாறு. உயரம் ஏழு. அடியில் மூன்றடியும் தலையில் இரண்டடியும் என்று கட்டினால் சராசரிக் கனம் இரண்டரை. பெருக்கினால் நானூற்றைம்பத்தைந்து கன அடி. நூறு கன அடி ஒரு கியூப்.

"நாலரைக் கியூப் கல்லும்மா. சேதாரத்தோட அஞ்சு. லொறிக்கு ரெண்டு கியூப்னு மூணு நடை வரணும்."

"சீமெந்து, மணல், கட்டுற பாஸ் கூலி எல்லாம் சேத்துச் சொல்லு."

"முப்பத்தஞ்சாயிரம்."

இராக்கம்மா நாடாவை விட்டுவிட்டுக் கைவிரல்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "இருநூத்தெம்பது பேரு" என்றாள்.

மதுஷா மனக்கணக்காக வகுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

தோட்டத்தில் ஒருவர் முழு நாள் வேலை செய்தால் அவருக்கு ஒரு பேர் விழும். மழை வந்து பாதியில் விட்டால் அரைப் பேர். நாற்பது வருடங்களாக இராக்கம்மாவுக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான். ரூபாய் என்றால் அவளுக்குச் சட்டென்று மனதில் பிடிபடாது. சேலை மூன்று பேர், மகளுடைய சப்பாத்து ஐந்து பேர், பதுளைக்குப் போய்வர முக்கால் பேர். எழுதத் தெரியாது. ஒரு பேருக்கு ஒரு கோடு போடுவாள்.

அவளுக்கு அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது யாருமில்லை. பதின்மூன்று வயதில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்றபோது பதினாறு என்று பதிந்தார்கள். அண்ணன்மார் இரண்டு பேரும் எழுபத்து மூன்றில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். இவள் வீரசிங்கத்தைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டாள். கான் வெட்டுகிற ஆள் அவன். மலையில் விழுகிற மழைத்தண்ணீரை வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுவது அவன் வேலை. மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது காய்ச்சலில் செத்தான். அதற்குப் பிறகு வீட்டில் ஒரே ஒரு பேர்தான் விழுந்தது. அந்த ஒரு பேரை வைத்துக்கொண்டுதான் மதுஷாவைப் பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தாள்.

அந்தக் காலம் முழுவதும் அவர்கள் இருந்தது தோட்டத்து வரிசைவீடான இரட்டை லயத்தில். இந்தப் பக்கம் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பரா, அந்தப் பக்கம் பன்னிரண்டு. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. கதவைச் சாத்தினால் பகலிலும் விளக்கு வேண்டும். அடுப்புப் புகை முன்வாசல் வழியாகத்தான் போகும். அடுத்த காம்பராவில் இருந்த ரெங்கம்மா, "நம்ம காம்பராவுல கோழிக்குஞ்சு செத்தாக்கூட நாத்தத்த வச்சுத்தான் தேடணும்" என்பாள்.

தொண்ணூற்றொன்பதில் வீட்டுத்திட்டம் வந்தது. ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம், சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி. அறுபதாயிரம் கடன், மாதாமாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். லயக் காம்பராவை ஒப்படைத்துவிட வேண்டும். இராக்கம்மா கடதாசியில் பெருவிரலை வைத்துவிட்டு நேராகப் பதுளைக்குப் பஸ் ஏறினாள். மதுஷா அப்போது கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரரின் அலுவலகத்தில் படம் வரைந்து மதிப்பீடு போடும் வேலையில் சேர்ந்து ஒரு வருடமாகியிருந்தது.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் கணக்குப் போடுறியே, ஒங்காத்தா வீட்டுக்குப் போடு" என்றாள்.

மதுஷா போட்டாள். அவளது முதல் முழு மதிப்பீடு அதுதான். அத்திவாரக் கல், சீமெந்துக் கல், மரம், கூரைத் தகடு, கதவு, நிலத்துக்குச் சீமெந்துப் பூச்சு. எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு. அதில் கடைசி வரி, வீட்டுக்குப் பின்னால் மலையைத் தாங்குகிற கல்லுக்கட்டு. இருபத்தோராயிரத்து அறுநூறு.

கையில் இருந்ததையும் எழுதினார்கள். கடன் அறுபதாயிரம். சீட்டு இருபதாயிரம். பசுவை விற்றால் பன்னிரண்டாயிரம். மதுஷாவின் சேமிப்பு எட்டாயிரம். ஆக ஒரு இலட்சம். பதினெட்டாயிரத்து நானூறு துண்டு விழுந்தது.

பசறையில் லொறியும் கல், மணல் வியாபாரமும் வைத்திருந்த பலீல் அந்தக் கடதாசியை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். "தகரத்தைக் குறைக்க ஏலாது. சீமெந்தைக் குறைச்சா வீடு உங்களைக் குறைச்சுப்போடும். என்ன செய்யப் போறீங்க தங்கச்சி?"

"கல்லுக்கட்ட விட்டுருங்க நானா" என்றாள் இராக்கம்மா, அண்ணன் முறை வைத்து. "மொதல்ல வீடு. அது பொறகு."

"பொறகு எண்டா?"

"இருநூத்திப் பதினாறு பேரு. ஒரு வருசம் பெரட்டுக்குப் போனா வந்துரும். மலை எங்க ஓடியா போகுது?"

மதுஷா பென்சிலால் அந்த வரியை அடித்தாள். அழிக்கவில்லை, அடித்தாள். பிறகு கட்டலாம் என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

வரியை அடித்த பிறகு கணக்கில் மூவாயிரத்து இருநூறு மிஞ்சியது. அதைப் பத்திரமாக வைத்திருக்கலாம். மதுஷா அப்படித்தான் சொன்னாள். இராக்கம்மா படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்னா?"

"குசினி. இது அதோட பின்சுவரு."

"இதுல சன்னலு எங்க?"

"பின்னாலதான் மலையாச்சே. ரெண்டடிகூட இல்ல. சன்னலு வச்சாலும் வெளிச்சம் வராது."

"மலைய இன்னும் கொஞ்சம் வெட்டினா?"

மதுஷா வெட்டுக் கோட்டைப் பென்சிலால் உள்ளே தள்ளிப் பார்த்தாள். படித்த பாடம் நினைவில் இருந்தது. வெட்டை உள்ளே கொண்டுபோனால் உயரம் கூடும். ஐந்தடி ஏழடியாகும். சரித்து வெட்ட நிலம் போதாது, ஏழு பேர்ச்சுக்குள் நிற்க வேண்டும், ஆகவே நிமிர்த்தித்தான் வெட்ட வேண்டிவரும். தாங்குகிற கட்டு இல்லாமல் அப்படி வெட்டவே கூடாது.

"நாப்பது வருசமா பின்பக்கம் இல்லாத வூட்டுல இருந்தேன், மது. ஒரு சன்னலு. ஒரு கதவு. அவ்வளவுதான்."

மதுஷா அழிப்பானை எடுத்துச் சுவரில் மூன்றடி அழித்து ஜன்னல் வரைந்தாள். ஒரு வருடம்தானே என்று அவளும் நினைத்தாள்.

இரண்டாயிரத்தொன்று தை மாதம் பால் காய்ச்சினார்கள். ரெங்கம்மா சமையலறைக்குள் வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "அடியே, இம்புட்டுக் காசு போட்டுச் சன்னலு வச்சு மண்ணையா பாத்துக்கிட்டு இருக்கப் போற?"

"லயத்துல அந்த மண்ணும் தெரியலையேடி."

"இந்த மண்ணு ஒன்னையத்தான் பாக்குது. புது மாப்பிள்ளை மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். காலை எட்டு மணிக்கு மேட்டின் தலையைத் தாண்டி வெயில் ஒரு முழத் துண்டாக ஜன்னல் வழியே விழுந்து அடுப்பங்கல்லைத் தொட்டது. பத்து நிமிடம்தான். இராக்கம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பத்து நிமிடத்துக்காகத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அங்கே வந்து நிற்பாள்.

சொன்ன ஒரு வருடத்தில் கல்லுக்கட்டு வரவில்லை. கடன் வெட்டினார்கள். கூரைத் தகடு ஒன்று காற்றில் போயிற்று. இராக்கம்மாவுக்குக் கண்ணில் சதை வளர்ந்து மூன்று மாதம் பேர் குறைந்தது. சம்பளம் கூடியது. சீமெந்து அதைவிடக் கூடியது. மதுஷா ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கணக்குப் போட்டாள். இருநூற்றுப் பதினாறு பேர் இருநூற்று நாற்பதானது. பிறகு இருநூற்றெண்பது.

"சம்பளமும் ஏறுச்சு, பேரும் ஏறுச்சு. இது என்னாடி கணக்கு?" என்று கேட்டாள் இராக்கம்மா. "ஒன்னைய இதுக்கா படிக்க வச்சேன்?"

அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தாள். கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றன்றே கையில் தருவார்கள், தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் ஏறாது. கிலோக்களைப் பேராக மாற்றிக் கதவு நிலையில் கரியால் கோடு போட்டாள். ஜன்னலோரத் தேத்தண்ணீர் நின்றுபோனது.

வெடிப்பை முதலில் கண்டதும் அவள்தான். இரண்டாயிரத்து மூன்று மார்ச் மாதம் விறகுக்குப் போனவள், வீட்டுக்கு முப்பதடி மேலே புல்லுக்குள் நிலம் நீளமாகப் பிளந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து மகளிடம் சொன்னாள். பிளவு கத்தி போகிற அகலம்தான். ஆனால் வீட்டின் இரண்டு மூலையையும் தாண்டி, பிறைபோல வளைந்து கிடந்தது. அதற்கும் மேலே வீரசிங்கம் வெட்டிய பழைய கான், ஆளில்லாமல் மண் தூர்ந்து, தண்ணீரை எங்கும் கொண்டுபோகாமல் அங்கேயே தேக்கி வைத்திருந்தது.

மதுஷா பிளவுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கம்பி அடித்தாள். நடுவில் சரியாக இருபத்து நாலு அங்குலம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் அளந்து குறித்தாள். மழையில்லாத மாதங்களில் அசையவில்லை. ஒக்டோபரில் இருபத்து நாலரை. நவம்பர் நடுவில் இருபத்தைந்து. நாடா இல்லாத நாட்களில் பார்த்துக்கொள்ள, இருபத்து நாலு அங்குலத்துக்கு ஒரு மூங்கில் சிம்பை வெட்டித் தாயிடம் கொடுத்தாள். கம்பிகளுக்கு நடுவே அதை வைத்து, மிஞ்சுகிற இடத்தை விரலால் பார்க்கச் சொன்னாள்.

"ரெண்டு வெரலுக்கு மேல போச்சுன்னா வூட்டுல இருக்காத. ரெங்கம்மா அத்தைகிட்டப் போயிரு. எனக்கு ஆபீசுக்கு போன் பண்ணச் சொல்லு."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு இருக்காதம்மா."

"சரின்னா சரிதான். இப்ப எத்தன?"

"ஒன்னரை வெரலு."

நவம்பர் மாதத்து அந்தக் கடைசி ஞாயிறில், பின்சந்தில் அளந்து முடித்த பிறகு நடந்த பேச்சு அது. உடனே லயத்துக்குப் போய்விடும்படி மதுஷா கேட்டாள். தன் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, ரெங்கம்மா காம்பராவில் ஏற்கெனவே ஏழு பேர், எட்டாவதாகத் தலையை எங்கே வைப்பது என்றாள் இராக்கம்மா. மதுஷா கட்டிலைத் தூக்கி முன்னறையில் போட்டாள். மழை பெய்யும்போது சமையலறைக்குள் போகக்கூடாது என்று சொன்னாள்.

"அடுப்பு அங்கதானே இருக்கு. காத்தையா குடிக்கிறது?"

மதுஷா கட்டிலை இன்னும் கொஞ்சம் முன்வாசல் பக்கம் நகர்த்தினாள். அடுப்பை அங்கே வரைந்தவள் அவள்தான்.

ஒரு முடிவு மட்டும் எடுத்தார்கள். முழுக் காசுக்கும் காத்திருக்கக் கூடாது. ஒரு நடை கல்லாவது இறக்கி, கசிகிற இடத்தில் அடியைக் கட்டத் தொடங்க வேண்டும். முதல் நடைக்கு ஐயாயிரம், நாற்பது பேர். கைக்காசு முப்பத்து நாலு பேருக்கு இருந்தது. மிச்சம் டிசம்பர் பத்தாம் திகதிச் சம்பளத்தில் வரும். இராக்கம்மா பசறைக்குப் போய்ப் பலீலிடம் கட்டுவாள். அடுத்த இரண்டு நடையும் மதுஷாவின் பொறுப்பு. மதுஷா ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தாள்: கருங்கல், இரண்டு கியூப், மேற்பிரிவு, இராக்கம்மா.

மறுநாள் காலை பதுளைக்குத் திரும்பும் வழியில் பசறையில் இறங்கிப் பலீலைக் கண்டாள். "காசு வந்த அண்டைக்கே லொறி ஏறும், பிள்ளை. உம்மாவை வெள்ளிக்கிழமை பகல் மட்டும் வரவேணாம் எண்டு சொல்லுங்க. தொழுகைக்குப் போயிருவன்."

"சொல்றேன் நானா."

"கான் ஒண்டும் இல்லையா மேல?"

"இருந்துச்சு."

டிசம்பர் பத்து, புதன்கிழமை. சம்பளம் வந்தது. நாற்பது பேரும் சேர்ந்தது. வியாழன் காலை ஆறரை பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒன்பதுக்குப் பசறை, பின்னேரம் லொறி. ஆனால் வியாழன் வேலை நாள். போனால் ஒரு பேர் போகும். அதோடு அந்த மாதத்தில் குறித்த நாட்களுக்குக் குறையாமல் பெரட்டுக்கு வந்தவர்களுக்குத்தான் மேலதிகப் படி. மழையால் ஏற்கெனவே இரண்டு அரைப் பேர் விழுந்திருந்தது. இன்னும் ஒரு நாள் குறைந்தால் படி போய்விடும், அது எட்டுப் பேர் அளவு. எட்டுப் பேர் என்றால் இரண்டு மூட்டைச் சீமெந்து.

நாலு நாள்தான். ஞாயிறு போகலாம் என்று முடிவு செய்தாள்.

இதையெல்லாம் மதுஷா பிறகு ரெங்கம்மாவின் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்டு, அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தாள். பிழையில்லாத கணக்கு.

வெள்ளி, பன்னிரண்டாம் திகதி. காலையில் மழை. பதினொன்றரைக்குக் கங்காணி விசிலடித்து எல்லாரையும் அனுப்பினார். அரைப் பேர். லயத்துக்குப் பிரிகிற முடக்கில் ரெங்கம்மா, "வாடி, நம்ம வூட்டுல ஒரு வாய் சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டாள்.

"ஈரத்துணி. போய் மாத்திட்டு அடுப்ப மூட்டுறேன். வெறகு நனஞ்சிருக்கும்."

"மலை எப்பிடி இருக்கு?"

"இருக்கு. சத்தம்தான் போடுது."

"என்னா சத்தம்?"

"அடிமண்ணுல பல்லு கடிக்கிற மாதிரி. அந்தாளு போட்ட கொறட்டைக்கு இது எவ்வளவோ தேவல."

வீரசிங்கத்தைத்தான் சொன்னாள். ரெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு மேல், ஒரு மணிக்கு முன். லயத்தில் இருந்தவர்களுக்கு லொறியில் கல் கொட்டியதுபோலக் கேட்டது. காசு வருமுன்னே பலீல் கல் அனுப்பிவிட்டார் என்றுதான் ரெங்கம்மா நினைத்தாள். இவ்வளவு மழையில் லொறி எப்படி ஏறியது என்று பார்க்க வெளியே வந்தாள். வீட்டின் முன்சுவரும் கதவும் அப்படியே நின்றன. அவற்றுக்குப் பின்னால் வீடு இருக்கவில்லை.

மதுஷாவுக்கு அலுவலகத்தில் தொலைபேசி வந்தபோது, பண்டாரவளையில் யாரோ கட்டவிருந்த இரண்டு மாடி வீட்டுக்கு மதிப்பீடு போட்டுக்கொண்டிருந்தாள். பேனையை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

இருபது பேர் மம்பட்டியோடு நின்று வெட்டினார்கள். நாலு மணிக்கு இராக்கம்மாவை எடுத்தார்கள். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கிடந்தாள். உடுப்பு மாற்றியிருந்தாள். ஜன்னல் சட்டம் முழுசாக, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் மண்ணுக்கு மேலே கிடந்தது. அதை யாரோ எடுத்துப் பத்திரமாக முன்சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மதுஷா மேலே ஏறிப் போனாள். கம்பி ஒன்று இருந்தது. மற்றது மண்ணோடு போயிருந்தது. அளக்க எதுவுமில்லை. நாடாவை ஏன் கையோடு கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இறங்கி வந்தபோது ரெங்கம்மா லயத்து வாசலில் காத்திருந்தாள். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய சின்னப் பொட்டலம்.

"புதங்கெழமை சாயந்தரம் வந்து குடுத்தா. அங்க வச்சா ஈரமாகுது, ஒங்கிட்ட இருக்கட்டும், ஞாயித்துக்கெழம பசறைக்குப் போறப்ப வந்து வாங்கிக்கிறேன்னா."

"வேற என்னா சொன்னாங்க அத்தை?"

ரெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறு கையின் விரல்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டினாள். மூன்று விரல்.

"கம்பி இவ்வளவு வெலகிருச்சுன்னு சொன்னா. ஒனக்குப் போன் பண்ணட்டான்னு கேட்டேன், மது. வேணாம், வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவா, பேரு போயிரும்னுட்டா."

மதுஷாவின் வேலைக்குப் பேர் கிடையாது. மாதச் சம்பளம். அதை அவள் தாய்க்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தாள்.

பொட்டலத்தைப் பிரித்தாள். ஐயாயிரம் இருந்தது. பெரும்பாலும் பத்தும் இருபதுமாக, கொழுந்துச் சாறு பட்டுப் பழுப்பேறிய நோட்டுகள். அதோடு அவள் எழுதிக் கொடுத்த துண்டு. பின்புறத்தில் கரியால் நாற்பது கோடு, ஐந்தைந்தாகக் கட்டி, எட்டுக் கட்டு. முன்புறத்தில் அவளது கையெழுத்து நனையாமல் இருந்தது: கருங்கல், இரண்டு கியூப், மேற்பிரிவு, இராக்கம்மா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறரை பஸ் போய்விட்டிருந்தது. பசறைக்கு அடுத்தது பத்தரைக்கு.